டேட்டாபேஸ் தயாரிக்கும் முன் ஒரு வெள்ளைத் தாள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில வாரங்களில் ஆசையுடன் செய்யும் வேலைகளில் ஒன்று, வீட்டில் உள்ளவற்றைப் பட்டியல் போடுவது. புத்தகங்கள், சிடிக்கள், டாக்டர் ரிப்போர்ட்டுகள், கல்யாண மொய்க் கணக்கு என்று ஏதாவது ஒன்றை எடுத்துக் கொள்வோம். எக்செல் திறந்து, முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்து, அவற்றை போல்ட் ஆக்கி, கலரும் கொடுத்துவிட்டு, கீழே தகவல்களை நிரப்பத் தொடங்குவோம். முப்பது, நாற்பது வரிசைகள் வரை வேகமாகப் போகும். பிறகு ஏதாவது ஒரு தகவல் எந்தக் கட்டத்திலும் உட்கார மறுக்கும். அதை எங்கேயாவது திணித்துவிட்டுத் தொடர்வோம். இன்னொன்று வரும். ஒரு நாள் அந்த பைலைத் திறப்பதையே நிறுத்திவிடுவோம். உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு பைல் இருக்கிறதா?

இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. கட்டம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று விட்டுப் போயிருக்கிறது. அதற்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. சாப்ட்வேர் துறையில் அதை ‘கன்செப்சுவல் டேட்டா மாடலிங்’ என்பார்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் தகவல்கள் எதைப் பற்றியவை, அவற்றுக்குள் என்ன உறவு என்பதை, எந்த சாப்ட்வேரையும் மனதில் வைத்துக் கொள்ளாமல் முதலில் தாளில் வரைந்து பார்ப்பதுதான் அது.

நான் இதைக் கல்லூரியில் படித்தவன், வேலையிலும் செய்பவன். ஆனாலும் அதன் அருமை எனக்குப் புரிந்தது அலுவலகத்தில் அல்ல. மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில், ஒரு மாமாவின் கேசட் அலமாரி முன்னால்தான்.

பழைய பேப்பருடன் போக இருந்த நோட்டு

மாமா ரிட்டயர் ஆகிப் பல வருடங்கள் ஆகின்றன. எழுபதுகளின் கடைசியிலிருந்து கர்நாடக இசைக் கச்சேரிகளை கேசட்டில் சேர்த்து வந்திருக்கிறார். ரேடியோவில் வந்தவை பாதி, நண்பர்களிடம் வாங்கிப் பிரதி எடுத்தவை பாதி. நானூறுக்கும் மேல் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு நீள நோட்டு வைத்து, யார் கச்சேரி, எந்த ஊர், என்னென்ன பாட்டு, என்ன ராகம், யார் வயலின், யார் மிருதங்கம் என்று சின்னச் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

கேசட்டுகள் பூசணம் பிடிக்கத் தொடங்கியதும், பேரன் அவற்றை ஒரு கடையில் கொடுத்து எம்பி3 பைல்களாக மாற்றி வாங்கினான். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி, பாட்டுப் பெயர், பாடகர், ஆல்பம் என்று தெரிந்தவரை டைப் செய்தும் கொடுத்தான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. வேலை முடிந்ததும், போகிக்கு முன் வீடு சுத்தம் செய்தபோது, "எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே" என்று அந்த நீள நோட்டைப் பழைய பேப்பர் கட்டில் வைத்துவிட்டார்கள்.

பேப்பர்காரர் வருவதற்கு முந்தின நாள் மாமாவுக்கு ஒரு தோடி கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்கவில்லை. ராகத்துக்கு அங்கே இடமே இல்லை. யார் மிருதங்கம் என்ற விவரமும் இல்லை. ஒரே பாடகர் மூன்று விதமான ஸ்பெல்லிங்கில் மூன்று பேராக இருந்தார். மாமா பதறிப் போய் நோட்டைத் தேட, அது வாசலில் கட்டிக் கிடந்தது. நல்ல வேளை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "நீ கம்ப்யூட்டர்லதானே இருக்கே, இதுக்கு ஒரு வழி பண்ணித் தாயேன்ப்பா" என்றார்.

முப்பது எழுத்துக்குள் மகாராஜபுரம்

தவறு எங்கே என்று முதலில் பார்ப்போம். எம்பி3 பைலுக்குள் பாட்டின் விவரங்கள் பதிவாகும் பகுதிக்கு ஐடி3 டேக் என்று பெயர். 1996இல் எரிக் கெம்ப் என்பவர் இதை உருவாக்கினார். பைலின் கடைசியில் 128 பைட் இடம். அதில் தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1 பைட். மகாராஜபுரம் விஸ்வநாத ஐயரின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்தால், நடுவில் வரும் இடைவெளிகளையும் சேர்த்து 29 எழுத்துகள். இன்னும் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம். வயலின் வாசித்தவர் எங்கே போவார்? இசை வகைக்கு அப்போது 80 வகைகள் கொண்ட பட்டியல் கொடுத்திருந்தார்கள். கர்நாடக இசை அதில் இல்லை. ‘கிளாசிக்கல்’ என்றோ ‘எத்னிக்’ என்றோ போட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்த நீளக் கட்டுப்பாடு போய்விட்டது. இயற்றியவருக்கும் தனி இடம் கிடைத்தது. ஆனால் இடம் பெரிதானதே தவிர, அடிப்படை எண்ணம் மாறவில்லை. ஒரு பாட்டு, அதற்கு ஒரு பாடகர், அது இருக்கும் ஓர் ஆல்பம் என்ற எண்ணம் அது. பாப் பாடல்களுக்கு இது சரியாகப் பொருந்தும். கச்சேரிக்குப் பொருந்தாது. மேல்நாட்டு சாஸ்திரிய சங்கீதம் கேட்பவர்களும் இயற்றியவர், நடத்துநர், இசைக்குழு ஆகியோரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று பல காலம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

பேரன் செய்த தவறு ஒன்றுதான். நோட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், சாப்ட்வேரில் என்ன கட்டம் இருக்கிறது என்று பார்த்தான். அடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இஞ்சினியர் செய்த அதே தவறு

இஞ்சினியர் என்ற மிதப்பில் லேப்டாப்பைத் திறந்து நேராக டேபிள் அமைக்கத் தொடங்கினேன். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், பாடகர், தேதி, பிறகு பக்கவாத்தியம் 1, பக்கவாத்தியம் 2, பக்கவாத்தியம் 3. தேதி நாள், மாதம், வருடம் மூன்றும் கட்டாயம். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்தார். "வயலின், மிருதங்கம் ரெண்டாச்சு. கடம், கஞ்சிரா, மோர்சிங் மூணும் இருந்த கச்சேரி இருக்கே, அதை எங்கே எழுதுவே?" என்றார். பக்கவாத்தியம் 4, 5 என்று சேர்த்தேன். "தம்புரா?" என்றார். அடுத்து தேதி. நோட்டில் பல இடங்களில் ‘84-85 சீசன்’ என்றுதான் இருந்தது. டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிவது சீசன். அதற்கு நாளும் இல்லை, ஒரே வருடமும் இல்லை. என் டேபிள் அதை ஏற்காது. "தெரியாத தேதியைப் போடச் சொல்றதா உன் கம்ப்யூட்டர்?" என்று கேட்டார். லேப்டாப்பை மூடிவிட்டேன்.

பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு இருவரும் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் வார்த்தை எதுவும் பேசுவதில்லை என்று ஒப்பந்தம். டேபிள், காலம், நம்பரா டெக்ஸ்டா எதுவும் கூடாது. நோட்டைப் பார்த்து, அதில் வரும் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதினோம். பாடகர், பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், கச்சேரி, சபா, கேசட். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வரைந்தோம். அதன் பிறகுதான் வேடிக்கை.

‘பாட்டு’ என்பது என்ன?

பாபநாசம் சிவனின் மோகன ராக ‘காபாலி’யை எடுத்துக் கொள்ளுங்கள். மயிலாப்பூரிலேயே வாழ்ந்து, மார்கழியில் மாட வீதிகளில் பஜனை நடத்தியவர் அவர். மாமாவிடம் அந்தப் பாட்டு பல கேசட்டுகளில், பல பேர் பாடி இருக்கிறது. அப்படியானால் மாமாவிடம் இருப்பது ஒரு பாட்டா, பல பாட்டுகளா?

இரண்டும் சரி என்பதுதான் சிக்கல். நாம் ஒரே வார்த்தையை இரண்டு பொருள்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஐபிஎம்மில் வேலை பார்த்த வில்லியம் கென்ட் 1978இல் எழுதிய ‘டேட்டா அண்ட் ரியாலிட்டி’ என்ற புத்தகம் இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஓர் எழுத்தாளர் இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறார், லைப்ரரியில் ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி இருக்கிறது என்றால், இருப்பது இரண்டு புத்தகமா பத்து புத்தகமா என்று அவர் கேட்கிறார்.

எங்களுக்கு விடை கொடுத்தது மாமாவின் வாய்மொழி. "சிவன் பண்ணினது உருப்படி. கச்சேரியிலே பாடினது ஐட்டம். நாங்க அப்படித்தானே சொல்லுவோம்" என்றார். பாட்டு என்ற கட்டத்தை அடித்துவிட்டு உருப்படி, ஐட்டம் என்று இரண்டு கட்டங்கள் வரைந்தோம். ஓர் உருப்படி பல கச்சேரிகளில் ஐட்டமாக வரலாம். ஒரு ஐட்டம் ஒரே ஒரு கச்சேரியைச் சேர்ந்தது.

அடுத்து ராகம். அது உருப்படியுடையதா, ஐட்டத்துடையதா? உருப்படியுடையது என்று நான் உடனே சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். "அப்போ விருத்தம்?" விருத்தத்தில் செய்யுள் ஒன்றுதான். எந்த ராகத்தில் பாடுவது, எத்தனை ராகங்களில் பாடுவது என்பதை அன்றைக்கு மேடையில் பாடகரே முடிவு செய்கிறார். வெறும் ஆலாபனை மட்டும் பதிவான கேசட்டும் இருக்கிறது. அங்கே ராகம் உண்டு, உருப்படியே கிடையாது. ராகமாலிகையில் ஒரு உருப்படிக்குப் பல ராகங்கள். முத்துஸ்வாமி தீட்சிதரின் ‘ஸ்ரீ விஸ்வநாதம்’ ஒன்றிலேயே 14 ராகங்கள். ஆக, ராகத்திலிருந்து உருப்படிக்கு ஒரு கோடு, ஐட்டத்துக்கு ஒரு கோடு, இரண்டிலும் ‘பல’ என்ற குறி. என் டேபிளில் ராகம் என்று ஒற்றைக் கட்டம் வைத்திருந்தேன் என்பது நினைவிருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்தது கலைஞர்கள் விஷயம். பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர், இயற்றியவர் என்று தனித்தனியாகக் கட்டம் போட்டு வைத்திருந்தோம். லால்குடி ஜெயராமன் ஒரு கேசட்டில் பக்கவாத்தியம், இன்னொன்றில் தனிக் கச்சேரி. அவர் தில்லானாக்களை இயற்றியவரும்கூட. பாலமுரளிகிருஷ்ணாவோ பாடுவார், வயலினும் வயோலாவும் வாசிப்பார், உருப்படிகளும் இயற்றியிருக்கிறார். அவரை எந்தக் கட்டத்தில் அடைப்பது? நான்கு கட்டங்களையும் அழித்து ‘கலைஞர்’ என்று ஒரே கட்டம் ஆக்கினோம். வயலின், மிருதங்கம், தம்புரா என்பதெல்லாம் அவருடைய குணம் அல்ல. அந்தக் கலைஞருக்கும் அந்தக் கச்சேரிக்கும் உள்ள உறவின் மீது எழுத வேண்டியவை. கோட்டின் மேலேயே ‘என்னவாக?’ என்று எழுதினோம். பக்கவாத்தியம் 1, 2, 3 பிரச்சினை அந்த இடத்திலேயே காணாமல் போனது. கடம், கஞ்சிரா, மோர்சிங் மூன்றும் வந்தாலும் மூன்று கோடு, அவ்வளவுதான்.

கேசட் அத்தனை சுவாரசியம் இல்லை. 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு கச்சேரி இரண்டு மூன்று கேசட்டுகளில் நீளும். மீதி இடத்தில் வேறு கச்சேரியின் துக்கடா இருக்கும். அதனால் இரு பக்கமும் ‘பல’. தேதியை ‘தெரிந்த அளவு’ என்று குறித்தோம்.

இது எங்கிருந்து வந்தது?

பெட்டியும் கோடுமாக வரையும் இந்த முறையைப் பரப்பியவர் பீட்டர் சென். 1976இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், உலகில் இருக்கும் பொருள்களைச் சதுரக் கட்டங்களாகவும், அவற்றின் உறவுகளை வைர வடிவிலும் காட்டினார். அதற்கு ஆறு வருடம் முன்பு, 1970இல், ஐபிஎம்மின் காட் தகவல்களை டேபிள்களாக அமைக்கும் முறையைச் சொல்லியிருந்தார். இன்றைக்கும் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் அந்த வழியில்தான் இயங்குகின்றன. டேபிள் என்பது தகவலை வைக்கும் ஒரு விதம். தகவலின் பொருள் அதற்கு முன்பே தெளிவாகியிருக்க வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணயக் குழு ஒன்று 1975இல் வெளியிட்ட அறிக்கையும், பயன்படுத்துபவர் பார்க்கும் தோற்றம், கம்ப்யூட்டருக்குள் சேமிக்கும் விதம் இரண்டுக்கும் நடுவில் பொதுவான கருத்து நிலை ஒன்று தனியாக இருக்க வேண்டும் என்றது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் நம் ஊர்க்காரர். மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் போனால் சென்னைப் பல்கலைக்கழகம். அங்கே 1924இல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், புத்தகங்களை வகைப்படுத்தும் வேலையை மூன்று தளங்களாகப் பிரித்தார். கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம். புத்தக முதுகில் ஒட்டும் எண், கருத்துத் தளத்தில் எடுத்த முடிவுக்கு ஊழியம் செய்ய வேண்டுமே தவிர, அதை ஆளக் கூடாது என்பது அவர் கட்சி. என்னைக் கேட்டால், கட்டத்துக்காக ராகத்தை விட்டுவிட்ட பேரனுக்கும், பக்கவாத்தியம் 1, 2, 3 போட்ட எனக்கும் சேர்த்தே சொன்னது போலிருக்கிறது.

எங்கள் காலண்டர் தாளில் வந்த அதே கேள்விகள் பெரிய அளவிலும் எழுந்திருக்கின்றன. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆராய்ச்சித் திட்டம் கர்நாடக இசையையும் எடுத்துக் கொண்டது. அதில் அடையாறு பக்கத்திலிருக்கும் ஐஐடி மெட்ராஸ் பங்கு பெற்றது. பதிவுகளின் விவரங்களை அவர்கள் சேர்த்து வைத்தது மியூசிக்பிரெயின்ஸ் என்ற பொதுத் தொகுப்பில். அதில் ‘படைப்பு’ வேறு, ‘பதிவு’ வேறு. படைப்புக்கு ராகம், தாளம் குறிக்க இடம் இருக்கிறது. ஒரு பதிவில் யார் என்ன வாசித்தார் என்பது உறவாகக் குறிக்கப்படுகிறது. மாமாவிடம் இதைக் காட்டினேன். "நாம பண்ணினதுதானே" என்றார், ஏதோ அவர்கள் காலண்டர் தாளை எட்டிப் பார்த்தது போல.

தாளிலிருந்து கம்ப்யூட்டருக்கு

தாளில் வரைந்ததும் உடனே கம்ப்யூட்டருக்கு ஓடாதீர்கள். வரைந்த ஒவ்வொரு கோட்டையும் ஒரு வாக்கியமாகச் சத்தமாகப் படியுங்கள். "ஒரு கச்சேரியில் பல ஐட்டங்கள் உண்டு. ஒரு கேசட்டில் பல கச்சேரிகள் இருக்கலாம்." கம்ப்யூட்டர் தெரியாத, ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் அதைக் கேட்க வேண்டும். அவர் "அப்படி இல்லையே" என்றால் அழித்து எழுதுங்கள். ரப்பருக்குச் செலவு குறைவு. நானூறு கேசட் விவரம் டைப் செய்த பிறகு மாற்றுவதற்குச் செலவு அதிகம்.

இதன் பிறகு வருவதுதான் ‘லாஜிக்கல் டிசைன்’, அதாவது இந்தப் படத்தை எந்த வகையில் அமைப்பது என்ற முடிவு. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸ் அல்லது மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்றால் ஒவ்வொரு கட்டமும் ஒரு டேபிள் ஆகும். இரு பக்கமும் ‘பல’ என்று குறித்த கோடுகளும் தனி டேபிள் ஆகிவிடும். எக்செல்தான் தெரியும் என்றால் அதிலேயே கலைஞர், உருப்படி, கச்சேரி, ஐட்டம் என்று தனித்தனி ஷீட் வைத்துக் கொண்டு, யார் எந்தக் கச்சேரியில் என்னவாக என்பதற்கு இன்னொரு ஷீட் சேர்க்கலாம். கலைஞர் பெயரை ஒரே இடத்தில் மட்டும் எழுதுவதால் மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று பேர் ஆகும் கூத்து இருக்காது. நாளை எக்செல் வேண்டாம், வேறு சாப்ட்வேர் என்றாலும் காலண்டர் தாள் அப்படியே இருக்கும். அதில் சாப்ட்வேர் பெயர் எதுவும் இல்லை அல்லவா?

ஐடி3 டேக்கையும் நாங்கள் கைவிடவில்லை. பாடகர், தலைப்பு, இயற்றியவர் மூன்றையும் அதில் போட்டு, குறிப்புப் பகுதியில் எங்கள் கச்சேரி எண்ணை எழுதுகிறோம். பேரனின் மொபைலில் கேட்க அது போதும். முழு விவரம் டேட்டாபேஸில். இன்னொன்று, உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட நோட்டு இருந்தால், அது சமையல் குறிப்போ, தாத்தாவின் வரவு செலவோ, முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அல்லது மொபைலில் போட்டோ எடுத்து இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். மாடலிங் எல்லாம் பிறகு.

சமையல் குறிப்பு வைத்திருப்பவர்கள் முயற்சி செய்ய ஒரு கேள்வி தருகிறேன். அம்மா செய்யும் வத்தக் குழம்பும் மாமியார் செய்யும் வத்தக் குழம்பும் ஒரே குறிப்பா, இரண்டு குறிப்பா? எக்செல் திறக்காமல் யோசியுங்கள். வீட்டில் யாரிடம் கேட்பது என்பது உங்கள் சாமர்த்தியம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இதுவரை 60 கேசட்டுகளின் விவரம் ஏற்றியிருக்கிறோம். தோடி என்று தேடினால் இப்போது ஒன்பது வருகிறது. அதில் மூன்றுக்கு உருப்படி இல்லை, ஆலாபனை மட்டும்தான். நோட்டு மாமாவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. போன வாரம் மாமாவின் நண்பர் ஒருவர் வந்தார். மிருதங்கப் பிரியர். காலண்டர் தாளைப் பார்த்ததும், "தனி ஆவர்த்தனம் எங்கே? அது தனி ஐட்டமா, இல்லை பாட்டோட சேர்ந்ததா?" என்று கேட்டார். மாமா ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, காபி ஆறிப் போனது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம்.